திருநெல்வேலியில் ஒரு பகல்



தேர்வெழுதவோ, விளையாட்டுப் போட்டிக்கோ, உறவினர் வீட்டுத் திருமணத்திற்கோ திருநெல்வேலிக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் ஓய்வாகக் கிடைக்கிறது. அந்த ஒரு பகலுக்குள் குற்றாலத்தில் அருவியாடி, திருச்செந்தூரில் கடலாடி, கன்னியாகுமரியில் சூரியாஸ்தமனமும் கண்டுவிட வேண்டுமென்று வாடகை வண்டி பிடிப்பவர் பலர். மூன்றும் மூன்று திசை. பொழுதெல்லாம் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும்.

அவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான்: தாமிரபரணியை வழித்துணையாகக் கொள்ளுங்கள். பொதிகையிற் பிறந்து, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் வரை இந்நதியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதிலும் நெல்லையிலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டர் தூரம் ஒரு பகலுக்குப் போதும்.

விடியற்காலையில் குறுக்குத்துறைக்குச் செல்லுங்கள். ஆற்றுக்குள்ளேயே அமைந்த முருகன் கோயில் அங்கே இருக்கிறது. பெருவெள்ளத்தில் கோயில் முழுகிவிடும். அதற்கு முன்பே உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். வெள்ளத்தோடு போராடாமல், அதற்கு வழிவிட்டு வாழக் கற்ற ஊர் இது. நகரின் கழிவுநீர் ஆற்றில் விழும் இடங்களும் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போகாமல், அதையும் நின்று பாருங்கள்.

அடுத்து நெல்லையப்பர் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்களாகையால் காலையிலேயே போய்விட வேண்டும். சுவாமிக்கும் காந்திமதி அம்மைக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைப்பது 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டிய சங்கிலி மண்டபம். இசைத் தூண்களைப் பார்த்தால் போதும். தட்டிப் பார்க்க வேண்டாம். தட்டித் தட்டியே தேய்த்தவர்கள் நமக்கு முன்பே நிறைய வந்துபோயிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்குப் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு பாலத்தைக் கடப்பீர்கள். ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, அதை நடந்தே கடக்கும்படி வேண்டுகிறேன். முற்காலத்தில் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஓடம்தான் வழி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், செலவின் பெரும்பகுதியைத் தம் கைப்பொருளிலிருந்து கொடுத்து இப்பாலம் எழச் செய்தார். 1843-இல் அது திறக்கப்பட்டது. பின்னர் வெள்ளத்தில் சேதமுற்றுச் செப்பனிடப்பட்டது. பிற்காலத்தில் அகலமாக்கவும் பட்டது. கோயிலுக்கும் சத்திரத்திற்கும் பொருள் கொடுத்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஊரார் எல்லாரும், எந்தச் சாதியாரும், காலால் மிதித்துச் செல்வதற்கென்று கொடுத்தவர் சிலரே. அவர் பெயர் இன்றும் பாலத்திற்கு உரியது. அதன்மீது நாள்தோறும் செல்வோரில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியுமோ!

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஒரு மணி நேரத்திற்குள் ஆதிச்சநல்லூர் வந்துவிடும். இரும்புக் காலத்து மக்கள் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த பரம்பு அது. 1876-இல் ஜெர்மானியரான டாக்டர் யாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. பிறகு அலெக்சாண்டர் ரீ என்பவர் கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னைக்குச் சென்றன. பொருள்கள் ஊர் ஊராகப் போயின. தோண்டிய ஊரில் நெடுங்காலம் மிஞ்சியது வெறும் பரம்புதான். 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. 2023-இல் அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகள் கிடந்தபடியே நாம் காணுமாறு செய்திருக்கிறார்கள். குனிந்து பார்த்துவிட்டு, தலைநிமிர்ந்து சுற்றுப்புறத்தையும் பாருங்கள். நீர் பாயும் நஞ்சை ஒருபுறம். உழவுக்கு உதவாத சரளை மேடு மறுபுறம். நல்ல நிலத்தைப் பயிருக்கு விட்டு, மேட்டை மாண்டோருக்கு ஒதுக்கிய கணக்கு அங்கே கண்கூடாகத் தெரியும்.

அருகில்தான் ஸ்ரீவைகுண்டம் அணை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது, 1873-இல் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. இந்த அமைதியான நீரைக் காணும்போது 2023 டிசம்பரை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. தங்கள் ஊரே வெள்ளத்தில் தவித்த வேளையில், பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

திரும்பும் வழியில், மாலை நடை திறந்தபின், கிருஷ்ணாபுரத்தில் இறங்குங்கள். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனுக்கும், அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனுக்கும் அரை மணி கொடுத்தாலே போதும்.

பிறகு அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரேயுள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். சரக்கு தீர்ந்தால் மூடிவிடும். வரிசை நீளமாக இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை, அது விரைவாகவே நகரும். வீட்டுக்கென்று பொட்டலம் கட்டி வாங்குகிறவர்கள், கொஞ்சம் தனியே இலையில் வாங்கிச் சூடாறுமுன் அங்கேயே உண்டுவிடுவது நல்லது. இரவு வண்டிக்கு நேரம் இருக்கும்.