தன் படகைத் தானே சமைத்தல்

டிண்டிங் ஆறு கடலோடு கலக்கும் லுமுட்டுக் கழிமுகத்தையும், அதன் கரைகளில் அடர்ந்து நிற்கும் கண்டல் காட்டையும் கண்டு பழகிய சித்தியவான்வாசிகளுக்கு, ஒருவர் மட்டும் அமர்ந்து இருமுனைத் துடுப்பால் செலுத்தும் கயாக் என்னும் சிறு படகு, இந்நீருக்கென்றே ஏற்பட்டதோ என்று தோன்றக்கூடும். உண்மையில் அது ஆர்க்டிக் பிரதேசத்து இனுயிட் மக்களின் சிருஷ்டி. மரம் வளராத அந்நாட்டில், அலை ஒதுக்கிய கட்டைகளால் சட்டம் கூட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, செலுத்துவோனுடைய கைவிரிப்பையும் இடுப்பையுமே அளவுகோலாகக் கொண்டு அவர்கள் அதனைக் கட்டினார்கள். ஆகவே ஒருவனுடைய படகு, அவனுடைய சட்டையைப் போலவே, மற்றொருவனுக்குப் பொருந்துவதில்லை.

இந்நாளில் வீட்டு முற்றத்தில் கயாக் கட்டுவோரிற் பலர் கையாளும் முறை வேறு. 4 மில்லிமீட்டர் கனமுள்ள கடல்தரப் பிளைவுட்டை அறுத்து, விளிம்புகளில் துளையிட்டுச் செப்புக்கம்பியால் தைத்து, பொருத்துக்களில் எபாக்ஸிப் பசையையும் கண்ணாடியிழைத் துணியையும் இடுகிறார்கள். 1960களில் இங்கிலாந்தில் மிர்ரர் என்ற சிறு பாய்ப்படகினால் பிரபலமடைந்த இம்முறையைப் புதுமை என்று போற்றுவோர், நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகை நினைத்துப் பார்க்கவேண்டும். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுமுன், கப்பலில் வந்தோரைப் பேரலைகளினூடே கரை சேர்த்த அப்படகு, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டது. தையல் நெகிழ்ந்துகொடுத்தமையால் அலையின் மோதலை அது தாங்கிற்று. கயாக்கிலோ, பசை இறுகியதும் கம்பியை அறுத்து எறிந்துவிடுகிறோம். நெகிழ்வை விட்டு விறைப்பைப் பெறுகிறோம். கிட்டத்தட்ட 20 கிலோ எடையில் ஒருவர் தோளில் தூக்கிச் செல்லத்தக்க படகு கிடைப்பது அதற்கு ஈடான லாபமே.

திரெங்கானுவின் டூயோங் தீவில், மலாய்த் தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளை வரைபடமின்றி முதலில் இணைத்து, விலாச்சட்டங்களைப் பின்னரே பொருத்துவார்கள். நம் முற்றத்துக் கயாக்கிலும் பலகையே உருவத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் அத்தச்சரின் கண் செய்யும் காரியத்தை இங்கே காகிதத்தில் வரைந்த கோடு செய்தாகவேண்டும். பலகையின் விளிம்பு வளைவு சற்றே பிசகினாலும், தைத்து முடித்த பின் அடிப்பகுதி வேறு வடிவம் கொண்டுவிடும். ஆதலால் இக்கலையின் உயிர் அறுப்பதிலும் ஒட்டுவதிலும் இல்லை, வரைவதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மெல்லிய அட்டையில் சிறு மாதிரி செய்து பார்க்காமல் பலகையில் ரம்பத்தை வைப்பவரை நான் துணிச்சல்காரர் என்று சொல்லமாட்டேன்.

வடநாட்டு வரைபடங்களை அப்படியே பின்பற்றுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அங்கே மேல்தளத்தை மூடுவது உறைபனி நீர் உட்புகாதிருக்க. இங்கே நண்பகல் வெயிலில் அம்மூடிய அறை அடுப்பாகிவிடும். அகன்று திறந்த இருக்கையே நமக்கு உசிதம். மழைநீரை இறைத்துக் கொட்ட ஒரு சிரட்டை போதும்.

நம் சீதோஷ்ணம் பசையையும் சோதிக்கும். வெப்பத்தில் அது கலயத்திலேயே விரைந்து இறுகுமாகையால், சிறிது சிறிதாகவே கலக்கவேண்டும். ஈரக்காற்றில் சிலவகைப் பசையின்மேல் படியும் வழவழப்பான படலத்தைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சை இட்டால், அது பிடிக்காது. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர்ப் பலகை மலிவாயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். நாற்காலிக்கும் மேசைக்கும் அது நன்று. ஈரத்தில் விரைவில் உளுத்துப்போகும்.

அகலத்தைப் பொறுத்தவரை, குறுகிய படகு விரையும், ஆனால் எளிதிற் சாயும். கண்டல் ஓடைகளிலேயே சுற்றிவருவோருக்கு நீளமும் வேகமும் அவசியமில்லை, திரும்புவதற்கு எளிதான குட்டைப் படகே சௌகரியம். பங்கோர்த் தீவுப் பக்கம் போக எண்ணுவோர், ஃபெர்ரிகள் கிளப்பும் அலையை உத்தேசித்து முன்முனையைச் சற்று உயர்த்தி வரைந்துகொள்வது நல்லது.