நம்ம பிள்ளைகள் அணிக்கு யார் கேப்டன்?
(அகரம் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம பொம்பளைப் பிள்ளைகள் கால்பந்து அணிக்கு யாரைக் கேப்டனாப் போடலாம்? கோல் அடிக்கிற பிள்ளையையா, பந்து வாங்கிக் கொடுத்தவர் மகளையா என்று பேச்சு நடக்கிறது.

ஆட்ட விதிப்படி கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அணியின் நடத்தைக்குப் பொறுப்பு மட்டும் உண்டு. நம்ம ஊக்குநர், பிரதிநிதி மாதிரிதான். அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது யார் அதிகமாகச் சேமித்தார் என்றா பார்த்தோம்? கணக்கை மறைக்காமல் சொல்வாரா என்றுதானே பார்த்தோம்!

2022 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஆடிய இந்திய அணிக்குக் கேப்டன் அஸ்தம் ஓராவ்ன். ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்துக் கூலித் தொழிலாளி மகள். கோல் அடிக்கிறவர் இல்லை, தடுப்பாட்டக்காரர். அவர் பெருமைக்காக ஊருக்கு ரோடு போட்டார்கள். அந்த ரோட்டு வேலைக்கே பெற்றோர் கூலிக்குப் போனார்கள். இதை என்னவென்று சொல்வது!

முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 8-0 தோல்வி. அப்படி ஒரு நாளில் அழுகிற பிள்ளைகளைத் தேற்றி, அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டிவர ஒருத்தி வேண்டும். அது யார் என்று பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அவர்களே சீட்டு எழுதிப் போடட்டும். நாம் யார் பெயரும் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டுப் போடுகிறோம். பூ எடுக்கணும்னு அன்றைக்குப் பிள்ளையை நிறுத்திப்புடாதீங்க.