நாணம் நோயை மறைக்கலாகாது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் மஹல்லாவாசிகள் பலரின் உறவினர்கள் கடல் கடந்து வாழ்கின்றனர். எனவே, குடியேறிய நாட்டில் ஆண்கள் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகையில் எதிர்கொள்ளும் இடர்கள் குறித்துப் பேச விழைகிறேன்.

இங்கிலாந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். 1948-ல் அங்கு தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதே ஆண்டில்தான் கரீபியன் தீவுகளிலிருந்து 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலும் வந்து சேர்ந்தது. அவ்வாறு குடியேறியோர் பலர் அச்சேவையிலேயே உழைத்தனர். 2015-ல் வெளியான ஆய்வின்படி, அந்நாட்டில் வாழ்நாளில் இந்நோய் காணப்படுவோர் வெள்ளையருள் 8-ல் ஒருவர்; கருப்பினத்தவருள் 4-ல் ஒருவர்; ஆசிய வம்சாவளியினருள் 13-ல் ஒருவர். நமக்கு ஆபத்து குறைவு என்று வாளாவிருத்தல் தகாது. நோய் கண்டோருள் அதனாலேயே மரணிப்போர் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே!

முதல் இடர் மொழி. ஆங்கிலம் அறியாத தந்தை, மகளையோ மகனையோ மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்கிறார். சிறுநீர்த் தொல்லையையும் இல்லறக் குறையையும் பிள்ளை முன் எவ்வாறு உரைப்பார்? "ஒன்றுமில்லை" என்கிறார், மருத்துவரும் அதையே நம்புகிறார். அங்கே மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். முன்பதிவின்போதே கேட்க வேண்டும்.

இரண்டாவது, இபாதத் பற்றிய அச்சம். சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சிறுநீர் கசியும். 'தொழுகை பாழாகுமே' என்று சிகிச்சையையே தவிர்க்கலாமா? இத்தகைய உபாதை உடையோருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, ஒளு எடுத்துத் தொழலாம். விவரத்தை ஆலிம்களிடம் கேட்டறிக.

மூன்றாவது, அழைப்பு வருமெனக் காத்திருத்தல். ஆண்கள் அனைவரையும் இப்பரிசோதனைக்கு அழைக்கும் திட்டம் அங்கில்லை. ஆயினும் 50 வயது கடந்தவர் மருத்துவரிடம் கலந்தாலோசித்து, பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். இது மட்டுமே நோயை உறுதிப்படுத்தாது, மேற்பரிசோதனைகள் தேவைப்படும். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்திருப்பின் அதனையும் தெரிவிக்க வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே இராது என்பதை மறவாதீர்.

அன்பர்களே! வெளிநாட்டிலுள்ள தந்தையிடமும் தமையனிடமும் தொலைபேசியில் பேசுகையில், சம்பாத்தியத்தை மட்டும் விசாரியாது உடல்நலத்தையும் விசாரியுங்கள். அவர்கள் சொல்லத் தயங்குவதை நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை நல்குவானாக! ஆமீன்.