மஞ்சள் நிறத்தை நம்பலாமா?

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வி அனுப்பியிருந்தீங்க: "எலைசாவுல பாசிட்டிவ் வந்தா முடிஞ்சுதே, எதுக்கு இன்னொரு டெஸ்ட்?" இதுக்கு 1986-க்குப் போகணும்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி மாணவி செல்லப்பன் நிர்மலா. அவங்க வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் நம்ம ஊருக்கெல்லாம் வராதுன்னு பலரும் நம்பின காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்கள்கிட்ட ரத்த மாதிரிகள் சேகரிச்சாங்க. சென்னையில டெஸ்ட் பண்ண வசதி இல்ல. ஐஸ் பெட்டியோட கணவரும் அவங்களும் ராத்திரி ரயில்ல காட்பாடி, அங்கிருந்து வேலூர் சிஎம்சி. எலைசா போட்டதுல ஆறு மாதிரி மஞ்சளா மாறிச்சு.

ஆனா அந்த மஞ்சளுக்கு என்ன அர்த்தம்? தட்டுல ஒட்டியிருக்கற வைரஸ் புரதக் கலவையில *எதையோ* ஒரு ஆன்டிபாடி பிடிச்சிருக்கு. எதைன்னு தெரியாது. எங்க தோவாளை சந்தையில கண்ணைக் கட்டிட்டு பூக்குவியல் முன்னாடி நின்னா வாசம் வரும். ஆனா பிச்சியா மல்லியா? பிரிச்சுப் போட்டாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

வெஸ்டர்ன் பிளாட் பண்றது அந்தப் பிரிக்கிற வேலைதான். வைரஸ் புரதங்களை எஸ்டிஎஸ்-னு ஒரு சோப்பு மாதிரிப் பொருள்ல கலந்து, ஜெல்லுல விட்டு, கரண்ட் கொடுப்பாங்க. ஜெல் ஒரு சல்லடை மாதிரி: சின்னப் புரதம் தூரம் ஓடும், பெருசு பின்தங்கும். அப்படியே ஒரு தாளுக்கு மாத்தி, அது மேல நோயாளியோட சீரத்தை ஊத்தணும். பி24, ஜிபி41 மாதிரி புரதங்கள் இருக்கற அதே உயரத்துல கோடு விழுந்தா, ஆன்டிபாடி பிடிச்சது எச்ஐவியைத்தான்.

கோடு எவ்வளவு கருப்போ அவ்வளவு புரதமான்னு கேட்டா, ஓரளவுக்குத்தான். ஒரு கட்டத்துக்கு மேல கோடு கருக்காது. பக்கத்துலயே தெரிஞ்ச அளவுகளை ஓடவிட்டு ஒப்பிடணும். அளக்கறதுக்குன்னே 1966-ல ஸ்வீடன்காரர் லாரெல் ஒரு வழி எழுதினார். ஆன்டிபாடியை ஜெல்லுக்குள்ளயே கலந்துட்டார். புரதம் ஓட ஓட ராக்கெட் வடிவத்துல படியும். உயரத்தை ஸ்கேல் வெச்சு அளந்து, தெரிஞ்ச அளவுகளோட ஒப்பிட்டா கணக்கு வந்துடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது!

ஆனா அந்த ஆறு பேர் விஷயத்துல 'எவ்வளவு'ங்கறது கேள்வியே இல்ல. ஆமாவா, இல்லையா? தப்பாச் சொன்னா ஒருத்தரோட வாழ்க்கையே போச்சு. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய், வெஸ்டர்ன் பிளாட்ல உறுதியாச்சு. சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில அறிவிச்சார். இப்ப நம்ம நாட்டுல பெரும்பாலும் மூணு வேற வேற டெஸ்ட் வெச்சு உறுதி பண்றாங்க. நிர்மலா 1987-ல ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சாங்க.