விதியா? விசிறியா?

(புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றவுடன் சிலர் சிரிக்கின்றீர்கள். ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேச வந்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். வேலை இருக்கின்றது. தேர்தல் காலத்தில் தலைவர்கள் ஹெலிகாப்டரில் வந்து மைதானத்தில் இறங்குகின்றார்கள். சத்தம் கேட்டவுடன் நாம் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். கயிறு கட்டியிருந்தால் அதற்குக் கீழே நுழைந்து போகப் பார்க்கின்றோம். ஏதாவது ஆபத்து நேர்ந்துவிட்டால் மாத்திரம் "எல்லாம் தலைவிதி" என்று சொல்லி வீட்டுக்குப் போகின்றோம். அந்தத் தலைவிதியைத்தான் இன்று விசாரிக்க வேண்டும்.

2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி இமயமலையிலுள்ள கேதார்நாத்தில் நடந்ததைக் கேளுங்கள். 25-ந் தேதி கோயில் திறக்க இருந்தது. யாத்திரை ஏற்பாடுகளைப் பார்க்கச் சென்றிருந்த உத்தராகண்ட் அரசாங்க விமானத்துறை வாரியத்தின் நிதி அதிகாரி ஒருவர், ஹெலிகாப்டரின் வால் விசிறி வெட்டி மாண்டுபோனார். அந்த ஹெலிகாப்டர் ஆகாயத்திலிருந்து விழவில்லை, மலையில் மோதவில்லை. தரையில்தான் நின்றது. அதன் விசிறி மாத்திரம் சுழன்றுகொண்டிருந்தது.

இறந்தவரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் கடமைக்காகச் சென்றவர். அவர் குடும்பத்தின் துக்கம் நமக்கும் துக்கந்தான். ஆனால் ஒன்று கேட்கின்றோம். சகல பாவமும் தீரும் என்று லட்சக்கணக்கான ஜனங்கள் ஏறிச் செல்லும் ஸ்தலமல்லவா அது? அந்த ஸ்தலத்தில் விசிறி ஒரு க்ஷணம் நின்றதா? நிற்காது. ஏனென்றால் இயந்திரத்துக்கு ஸ்தலமும் தெரியாது, ஜாதியும் தெரியாது, உத்தியோகமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சுழல்வது ஒன்றே. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் மனிதன்.

தெரிந்துகொள்வது கஷ்டமா? சிறிய ஹெலிகாப்டரில் தலைக்கு மேலுள்ள பெரிய விசிறி நிமிஷத்துக்குச் சுமார் 400 சுற்றுச் சுற்றுகின்றது. வாலிலுள்ள சிறு விசிறியோ 2,000 சுற்றுக்கு மேல். இவ்வளவு வேகத்தில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. வெறும் காற்று என்று நினைத்துப் போகின்றவன் கத்திக்குள் போகின்றான்.

நம் ஜில்லாவில் அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து வைக்கின்றார்கள். அந்தக் குதிரைக்குப் பின்னால் எவரும் நிற்கலாம். ஆனால் அதைச் செய்த வேளார்கூட உயிருள்ள குதிரையின் பின்னங்காலுக்கு அருகில் நிற்கமாட்டார். உதைக்கும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு அவர் ஜோசியம் பார்த்தாரா? இல்லை. கண்டார், அறிந்தார், விலகினார். அதுதான் பகுத்தறிவு. ஹெலிகாப்டரின் வாலுக்கும் அதே புத்தி போதும்.

இன்னொரு விபத்தும் உண்டு. ஹெலிகாப்டரைக் கிளப்புவதற்காக விசிறியைச் சுற்றவிடும்போதே, அது நின்ற இடத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடி, சில விநாடிகளில் தன்னைத்தானே உடைத்துக் கொள்வதுண்டு. நம்மவர் பார்த்தால் வேப்பிலையைத் தேடுவார்கள். காரணம் என்ன? பலவகை ஹெலிகாப்டர்களில் விசிறியின் இறக்கைகள் சிறிது முன்பின் அசையும்படி கீல் வைத்து மாட்டப்பட்டிருக்கின்றன. அந்த அசைவை அடக்கும் கருவி தேய்ந்துவிட்டாலோ, காலிலும் சக்கரத்திலும் கோளாறு இருந்தாலோ, இறக்கைகள் ஒரு பக்கம் ஒதுங்கி, பாரம் நடுவைவிட்டு விலகுகின்றது. உடனே உடல் ஆடத் தொடங்குகின்றது. ஊஞ்சலைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளினால் சிறுபிள்ளைகூட உயர ஆட்டிவிடுவதுபோல, ஒவ்வொரு சுற்றும் அந்த ஆட்டத்தைப் பெருக்குகின்றது. இதை 1940-களிலேயே அமெரிக்காவில் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். விசிறி பறக்கும் வேகத்தில் இருந்தால் உடனே தரையைவிட்டு எழும்ப வேண்டும். வேகம் போதாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்று ஓட்டுகின்றவருக்குச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். பேயை ஓட்டியது பூசாரியா, கணக்கா?

இந்தக் காலத்திலும் நம் நாட்டில் நடப்பதென்ன? 2019-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்டபோது, இந்தியப் பாதுகாப்பு மந்திரி அதன்மேல் ஓம் எழுதி, தேங்காய் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். எலுமிச்சம்பழம் காப்பாற்றுமானால் சோதனை செய்யும் இஞ்சினீயர்களுக்குச் சம்பளம் எதற்கு? இஞ்சினீயர் காப்பாற்றுவாரானால் பழம் எதற்கு? ஊறுகாய்க்காவது ஆகியிருக்குமே!

பழம் வைப்பதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். பழத்தின் விலையைப் பற்றி நமக்குக் கவலையில்லை. விதி என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை செத்துவிடுகின்றது என்பதுதான் நம் கவலை. வேலி ஏன் போடவில்லை, காவலுக்கு ஆள் ஏன் இல்லை, தேய்ந்த சாமானை ஏன் மாற்றவில்லை என்று கேட்க வேண்டிய வாயை விதி அடைத்துவிடுகின்றது. மலக்குழியில் மூச்சு முட்டிச் சாகின்றவனுக்கும், கிணறு தோண்டும்போது மண் சரிந்து சாகின்றவனுக்கும் இதே விதிதான் சொல்லப்படுகின்றது. விதியால் லாபம் யாருக்கு? கவனமில்லாத எஜமானனுக்கு. நஷ்டம் யாருக்கு? தாலி அறுத்தவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும்.

ஆகவே தோழர்களே, இதை மாத்திரம் நினைவில் வையுங்கள். விசிறி முழுதும் நிற்கும்வரை ஹெலிகாப்டர் அருகில் போகாதீர்கள். போகவேண்டிய வேலை உள்ளவர்கள் ஓட்டுகின்றவர் சைகை காட்டிய பிறகு, அவர் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக, குனிந்து போகவேண்டும். வால் பக்கம் ஒருபோதும் கூடாது. மேட்டிலிருந்து இறங்கியும் நெருங்கக் கூடாது. அங்கே விசிறி தலைக்குச் சமமாக இருக்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் விசிறி மெதுவாய்ச் சுழல்வதால் காற்றில் இறக்கை தாழ்ந்துவிடும்; மெதுவாய்ச் சுற்றுகின்றதே என்று நம்பாதீர்கள். துண்டையும் குடையையும் அங்கே விரிக்காதீர்கள். பிள்ளைகளைக் கயிற்றுக்கு இப்பால் நிறுத்துங்கள்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் வருஷத்திலேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எழுதினது ஏட்டில் இருக்கின்றது. அதை நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது நம் வேலை. அடுத்த தடவை எவராவது எந்த விபத்துக்காவது "விதி" என்று சொன்னால், "விதி இருக்கட்டும், வேலி எங்கே?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்கத் தொடங்கினால் இன்று நாம் பேசியது வீணாகவில்லை என்று சொல்லி முடித்துக்கொள்கின்றோம்.