புயல் எக்கரைக்கு வரும்?



வங்கக் கடலில் ஒரு பருவத்தில் புயல்கள் மிகுமா, குறையுமா என்பதை ஓரளவு முன்னுரைக்கலாம். எவ்வூரைத் தாக்கும் என்பதை அவ்வாறு உரைத்தல் இயலாது. உயரத்தில் வீசும் பெருங்காற்றுகளே புயலை இழுத்துச் செல்வன. அவற்றின் போக்கோ நாளுக்கு நாள் மாறுவது.

2019 ஏப்ரல் இறுதியில் எழுந்த ஃபானி, முதலில் தமிழகக் கரையை அணுகக்கூடும் எனக் கருதப்பட்டது. பின்னர் வடக்கே திரும்பி, மே 3-இல் ஒடிசாவின் பூரிக்கருகே கரை கடந்தது. முன்னறிவிப்புப் பொய்த்தது எனச் சிலர் நகைத்தனர். திருத்திய அறிவிப்பை நம்பி ஒடிசாவில் சுமார் 12 இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். வண்டிகளை நிறுத்தியமைக்காகப் பயணிகள் இரயில்வே எழுத்தர்களாகிய எங்களை வைததும் உண்டு. 1999 அக்டோபர் 29-இல் அதே மாநிலத்தைத் தாக்கிய பெரும்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 10,000 பேர்; ஃபானியிலோ நூற்றுக்கும் குறைவு.