கூடவே இறங்கியவர்

எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் உலகில் 14. அங்கே காற்று மெலிசு. நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும். புத்தியும் மந்தமாகும். நம் நிலைமை நமக்கே தெரியாது. கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். ராத்திரி கார் ஓட்டுகிறவருக்குக் கண் செருகினால், பக்கத்து சீட்டுக்காரருக்குத்தானே முதலில் தெரியும்!

மலையேறும் இத்தாலியத் தம்பதி நிவெஸ் மெரோய், ரொமானோ பெனெட். 2009, அந்த 14-இல் ஒன்றான காஞ்சன்ஜங்கா. ரொமானோவுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. நிவெஸோ, 14 சிகரமும் தொட்ட முதல் பெண் யார் என்ற போட்டியில் முன்வரிசையில் இருந்தவர். ஆனாலும் தனியாக மேலே போகவில்லை. கூடவே இறங்கினார். கீழே வந்து பரிசோதித்தால், ரத்தம் ஊறாத கடும் நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதுவும் இரண்டு தடவை. போட்டியா? அது போயே போச்சு.

2014-இல் அதே காஞ்சன்ஜங்கா உச்சியில் இருவரும் நின்றார்கள். 2017-இல் அன்னபூர்ணா, பதினாலாவது. எல்லாமே ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், ஜோடியாகத்தான்.